13ஏ

பொட்டலத்தில் ஒட்டியிருந்த முகவரி:
எண் 14, மூன்றாவது லயம், இரண்டாம் டிவிசன்,
டன்கார்வி தோட்டம்.
கைப்பேசி வரைபடம் கொஞ்சம் யோசித்துவிட்டுச்
சிவப்பு ஊசியைக் குத்தியது
பேரங்காடியின் கார் நிறுத்தத்தில்,
தரைக்குக் கீழே இரண்டாவது தளம்.

ஏழு வருடமாக இந்த ஊரில் பொட்டலம் கொடுக்கிறேன்.
பண்டார் செரி ரம்பாயில் தெருவுக்குப் பெயர் இல்லை, எண்தான்.
7/3, 7/3ஏ, 7/3பி.
நான்கு என்று எழுதினால் வீடு விலை போகாதாம்,
ஆகவே அதுவும் 3ஏ.
மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில்
தினமும் யாராவது ஒருவர் என்னைத் திட்டுகிறார்.

வெள்ளைக்காரன் டன்கார்வி என்று எழுதிவைத்தான்.
நம் ஆட்களின் வாயில் அது தங்கரவி.
தங்கம் எங்கே இருந்தது,
ரவி வருமுன்பே பெரட்டு முடிந்து
தலைவிளக்கோடு மரத்தடியில் நிற்கவேண்டும்.
பிறகு ரப்பர் போய்ச் செம்பனை.
செம்பனை போய் ஒரு விளம்பரப் பலகை:
'இயற்கையின் மடியில் இரட்டை மாடி வீடுகள்.'
இயற்கையை வெட்டி அடுக்கப்
பதினொரு நாள் பிடித்ததாம்.

எல்லாம் கேள்விப்பட்டதுதான்.
நான் சுங்கை சிப்புட்காரி, பிழைக்க வந்தவள்.
இங்கே யாரைக் கேட்டாலும் வேறு ஊர்தான் சொல்கிறார்கள்.
நாசி லெமாக் கட்டித் தருகிற அக்கா கிளந்தான்,
இருபத்தெட்டாவது மாடிக் கணக்கர் சித்தியவான்,
புல் வெட்டுகிறவர்கள் வங்காளதேசம்.
காலை ஆறு மணிக்கு எல்லோரும் சேர்ந்து
டோல் சாவடியில் ஒரே ஊராகிறோம்,
ஹாரன் அடித்துக்கொண்டு.

மாரியம்மனுக்கும் மாற்று நிலம் கொடுத்தார்கள்,
கழிவுநீர்க் குளத்துக்குப் பக்கத்தில்.
வெள்ளிக்கிழமை போவேன்.
சாம்பிராணி கொஞ்சம் தூக்கலாகவே போடுகிறார் ஐயர்.

பொட்டலத்தில் இருந்த எண்ணுக்கு அடித்தேன்.
"கீழ வாம்மா. ரேம்ப் இறங்கி இடது கைப் பக்கம்."
தூண்களில் மஞ்சள் எண்கள்.
12, 13, 13ஏ, 15.
பதினாலு இல்லை.
13ஏ அடியில் பிளாஸ்டிக் நாற்காலி, வாக்கிடாக்கி,
காவலாளி உடுப்பில் தனபாலன்.
பிரித்துப் பார்த்தார்: கறுப்புச் சப்பாத்து, ஒன்பதாம் அளவு.
அங்கேயே போட்டு இரண்டடி நடந்தார்.

"உங்க வீடு இங்கயாண்ணே இருந்துச்சு?"
"இங்க கக்கூசு வரிசை. வீடு அதோ,
அந்த எக்சிட்டுக்கு நேர் மேல."

"பின்ன ஏன் இந்த அட்ரஸ்?"
"ஐசியில இதான் இருக்கு, மாத்தல.
பிளாட்டுக்கு அனுப்புனா கீழயே காணாமப் போயிடும்,
லிஃப்ட் செத்து எட்டு மாசம்.
இங்கன்னா பன்னெண்டு மணி நேரம் நான்தானே நிக்கிறேன்."

பிறகு அவரே சிரித்தார்:
"ஓட்டும் இந்த அட்ரஸ்லதான்.
லிஸ்ட எடுத்துப் பாரு,
நூத்தி இருவது பேரு இந்தக் கார் பார்க்குல
குடியிருக்கோம்."

ஒரு வெள்ளை மைவி பின்னால் வந்து
அவர் குடியிருந்த இடத்தை
இரண்டு முறை முன்னும் பின்னும் போய்
நேராக நிறுத்தியது.
அவரே கையைக் காட்டி உதவினார்:
வா, வா, வா, போதும்.

என் கைப்பேசி கேட்டது:
பெற்றுக்கொண்டவர் யார்?
வீட்டுக்காரர். பக்கத்து வீட்டார். காவலாளி.
மூன்றில் ஒன்றைத்தான் தொட முடியும்.
விரல் கொஞ்சம் நின்றது.
வீட்டுக்காரர் என்று தொட்டேன்.
படம் வேண்டும் என்றது.
தூணையும் சப்பாத்துப் பெட்டியையும் சேர்த்து எடுத்தேன்.

எக்சிட்டில் தடுப்புக் கம்பி எழவில்லை.
கால் மணி தாண்டிவிட்டதாம், இரண்டு வெள்ளி.
கண்ணாடியை இறக்கி அவரைத் திரும்பிப் பார்த்தேன்.
"மெசினும்மா," என்று கையை விரித்தார்,
"நான் ஒண்ணும் செய்ய முடியாது."

கட்டினேன்.
கம்பி எழுந்தது.
மேலே நல்ல வெயில்.